சீல் பிரிக்காத 'சூப்பர்'

நண்பர் பூண்டு ஊறுகாய் போட்டு விற்கக் கிளம்பினார். கடையில் வைக்கும் முன் கருத்துக் கேட்போம் என்று சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாருக்கும் 40 குட்டி பாட்டில்களை இலவசமாகக் கொடுத்தார். "சூப்பர்!", "உங்க வீட்டுக் கைமணமே தனிங்க!" என்று பாராட்டு மழை. ஒரு வீட்டு ஃபிரிட்ஜில், சீல் பிரிக்காமலே 'சூப்பர்' வாங்கிய பாட்டிலை நானே பார்த்தேன். 120 ரூபாய் என்று லேபிள் ஒட்டியதும் அதே நாக்குகளுக்கு உப்புக் கரித்தது. சிலருக்கு டாக்டர் ஊறுகாயே கூடாது என்றுவிட்டார்.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. சுமார் 2 லட்சம் பேருக்கு ஊற்றிக் கொடுத்து ருசி கேட்ட பிறகுதான், 1985 ஏப்ரலில் கோக்கக் கோலா தன் பழைய சுவையை மாற்றியது. அமெரிக்கா கொதித்தது, 79 நாளில் பழையது திரும்பி வந்தது. நாக்கைக் கேட்டவர்களின் கணக்கில் பழைய சுவை மேல் இருந்த பாசம் வரவில்லை.

புதுச் சரக்கோடு கிளம்புகிறவர்களே, "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். அது "சாப்டீங்களா?" மாதிரி, பதில் முன்பே தயார். "கடைசியா எப்ப ஊறுகாய் வாங்கினீங்க, என்ன விலைக்கு?" என்று கேளுங்கள். காசோடு இரண்டாவது பாட்டிலுக்கு வருகிறவர் சொல்வதுதான் கருத்து, மற்றதெல்லாம் உபசாரம்.