திருவனந்தபுரம் காண உகந்த பெரும்பொழுது யாது? குளத்தூர்க் கோட்பாடு

"திருவனந்தபுரத்தைச் சுற்றிப் பார்க்க எந்த மாசம் நல்லது?" என்ற வினா குளத்தூருக்கு எப்போதும் வெளியிலிருந்துதான் வரும். மதுரையிலிருந்து வரும், தூத்துக்குடிச் சம்பந்தி வீட்டிலிருந்து வரும். குளத்தூர்க்காரர் எவரும் இதைத் தாமாகக் கேட்டதாகச் சான்றில்லை. அவர்கள் தலைநகருக்குப் போவது மெடிக்கல் காலேஜுக்கு, அல்லது தலைமைச் செயலகத்தில் சிக்கிய ஒரு காகிதத்துக்கு. இவ்விரண்டுக்கும் பருவம் வகுக்கப்படவில்லை. ஆயினும் கேள்வி வந்து விழும் இடம் பாறசாலைக்கும் பொழியூர்க் கடற்கரைக்கும் இடைப்பட்ட இந்த ஊர்தான். ஆகவே பதில் சொல்லும் பொறுப்பும் இதற்கே.

ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த இலக்கண மரபு, நெய்தல் நிலத்துக்கு ஆறும் உரியவை என்று விட்டுவிட்டது. இது பெருந்தன்மையா, கடற்கரைக்குப் போய்ப் பார்க்காத சோம்பலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குளத்தூரைப் பொறுத்தவரை முன்பனியும் பின்பனியும் நிரந்தர விடுப்பில் உள்ளன. எஞ்சியவற்றை வைத்தே ஆராய வேண்டும்.

முதலில் வானிலைக் கட்சி. சுற்றுலா நூல்கள் எல்லாம் இக்கட்சியே: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்பார்கள். ஆனால் திருவனந்தபுரத்தில் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தவருக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கும் அதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். எனவே வெயிலை விட்டு மழையைப் பார்ப்போம். ஜூன் 1-ஐ ஒட்டி இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இடியோடு பின்தொடர்கிறது. மழைக்காலத்தில் வந்த விருந்தாளியின் ஜீன்ஸ் திண்ணைக் கொடியில் மூன்று நாள் தொங்கி, நான்காம் நாள் ஒரு வாசனையோடு பெட்டிக்குள் போவதைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே ஏராளம். "மழ தோரட்டும் மக்ளே, போலாம்" என்று அத்தை சொல்லிச் சொல்லியே விடுமுறை தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை. மதுரைக்காரர் கடலோரத்துக்கு வருவது மீன் குழம்புக்கு. அந்த வாரங்களில் அவருக்குச் சாம்பார் ஊற்றுவது குடும்ப உறவைப் பாதிக்கும்.

அடுத்தது விழாக் கட்சி. ஓணத்தன்று கவடியார் முதல் கிழக்கேகோட்டை வரை விளக்கலங்காரம். பார்க்கலாம், நகர முடியாது. ஆற்றுகால் பொங்காலையன்று பார்க்கவும் முடியாது, புகை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாளில், பத்மநாபசுவாமி கோவில் கிழக்குக் கோபுரத்தின் சாளரங்கள் வழியே மறையும் சூரியன் ஒவ்வொன்றாக இறங்கி வரும். உண்மையிலேயே காணத்தக்கது, மேகம் அனுமதித்தால். பங்குனி, ஐப்பசி ஆறாட்டு நாட்களில் சாமி சங்குமுகம் கடற்கரைக்குப் போவது விமான ஓடுபாதையைக் கடந்து. சில மணி நேரம் விமானங்கள் காத்திருக்கும். விமான நிலையம் 1932இல் வந்தது, ஊர்வலம் அதற்கும் முந்தியது. எனவே யார் காத்திருக்க வேண்டும் என்பதில் தகராறில்லை. வளைகுடாவிலிருந்து வரும் மச்சினர்கள் டிக்கெட் எடுக்குமுன் பஞ்சாங்கம் பார்ப்பது நலம்.

ஏழாம் பெரும்பொழுது என ஹர்த்தாலை, அதாவது முழு அடைப்பை, சேர்ப்பாரும் உளர். 2019 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உத்தரவிட்டதால், கொள்கையளவில் இது கிரகணத்தைப் போலக் கணிக்கத்தக்கதாயிற்று. திங்கட்கிழமையைத் தனிப் பருவமாகக் கொள்ளலாமா என்பதும் ஆய்வுக்குரியதே. ஏனெனில் ஞாயிறு இரவு வந்திறங்கும் விருந்தாளி மறுநாள் காலையிலேயே மிருகக்காட்சி சாலை போக வேண்டும் என்பார். அது திங்களன்று மூடியிருக்கும்.

இனி இவ்வாய்வின் சொந்தத் துணிபு. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, போயின. குளத்தூரை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலமும் மொழியும் பிரிந்ததை எழுதிய வரலாற்றாசிரியர்கள், அன்றே பள்ளி விடுமுறையும் பிரிந்ததை எழுத மறந்தனர். குளத்தூர்ப் பிள்ளைகளுக்கு ஓணத்துக்குப் பத்து நாள் லீவு. அப்போது நாகர்கோவில் அத்தை பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு தலைமேல். அவர்களுக்குக் காலாண்டு விடுமுறை வரும்போது இங்கே வகுப்பு. ஏப்ரலில் இங்கே பள்ளியை மூடிப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்க, அங்கே ஆண்டுத் தேர்வு. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள், எல்லையான களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும், ஒருவர் புத்தகத்தோடும் மற்றவர் பந்தோடும்.

இரண்டு நாட்காட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்கள் சொற்பம். கிறிஸ்துமஸ் வாரம் ஒன்று. ஆனால் அப்போது உலகமே கோவளத்தில் இருக்கும்; வர்க்கலை பக்கம் திரும்பினால் டிசம்பர் 30 முதல் சிவகிரி தீர்த்தாடனம். அடுத்தது பொங்கல். தமிழ்நாட்டை ஒட்டிய மாவட்டம் என்பதால் திருவனந்தபுரத்திலும் அன்று விடுமுறை. மழையில்லை, மீன் உண்டு, வெயில் மிதம். கணக்குப்படி இதுவே உத்தமப் பருவம். ஆனால் அதையொட்டியே சபரிமலை மகரவிளக்கு. பஸ்ஸெல்லாம் பம்பைக்குப் போயிருக்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்று: பொங்கலன்று தன் வீட்டுப் பானையை விட்டு எந்தத் தமிழ்க் குடும்பமும் கிளம்பாது. உத்தமப் பருவத்தில் வருவோர் எவருமிலர்.

மிஞ்சியது மே. பாலராமபுரம் நெரிசலில் பஸ் நிற்கும்போது முதுகு வேர்த்து சீட்டோடு ஒட்டும் மாதம். வானிலைக் கட்சி தலையில் அடித்துக்கொள்ளும். ஆயினும் குளத்தூர் வீடுகள் போன் போட்டு அழைப்பது மே மாதத்தில்தான். காரணம் சக்கை, அதாவது பலா. மூட்டில் காய்த்தது, கொம்பில் காய்த்தது என எல்லாம் ஒரே வாரத்தில் பழுத்து, தின்று தீர்க்க வீட்டில் ஆளில்லாமல் போகும் காலம் அது. புழுக்கும் வறுப்பும் தாண்டி, பக்கத்து வீடும் "எங்களுக்கே கெடக்கு" என்று கையை விரித்த பிறகு, மைனிக்குப் போன் போகிறது: "பிள்ளையளுக்கு லீவு தானே? வந்து கோவளமெல்லாம் பாத்துட்டுப் போங்க." திரும்புகையில் அவர்கள் சுமந்து செல்லும் எடையைக் கொண்டு பருவத்தின் தரத்தை அளக்கலாம் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் புதிய அளவை.

கன்னியாகுமரிக்கு உகந்த பருவம் எது என்ற கிளைவினா எல்லைக்கு அப்பாற்பட்டது. கொல்லங்கோட்டு அறிஞர்கள் எழுதட்டும்; அவர்கள் வீட்டிலும் பலா உண்டு.