முப்பது நாள் மாமா

வீட்டுக் கம்ப்யூட்டர் உலகத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்கிற கட்சி; கொடுக்காத கட்சி. இரண்டிலும் சேராத ஓர் அபூர்வப் பிறவியும் உண்டு. காசு கொடுத்து வாங்கும் சரக்குதான் அவருக்கு வேண்டும். ஆனால் காசு கொடுக்க மாட்டார். ‘முப்பது நாள் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள்’ என்று கம்பெனிக்காரன் ஏதோ ஒரு நம்பிக்கையில் சொல்கிறான் அல்லவா? அந்த நம்பிக்கையை மாதாமாதம் பொய்யாக்குவதே இவருக்கு வேலை. நங்கநல்லூர்ப் பக்கத்து அடுக்குமாடிகளில் இவரைத் தாராளமாகப் பார்க்கலாம். எங்கள் பிளாக்கில் இருப்பவருக்கு ‘முப்பது நாள் மாமா’ என்றே பெயர்.

மாமா தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சமையலறை வாசலில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். அதில் பிரதோஷம், ஏகாதசி, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி எல்லாம் மாமி நீல மையில் குறித்தவை. சிவப்பு மையில் அடிக்கோடிட்டு ‘ட்ரயல் முடிவு’ என்று இருப்பது மாமாவின் கைங்கரியம். அந்தத் தேதிக்கு முதல் நாள் சாயங்காலம் சந்தியாவந்தனம் முடித்துவிட்டு வந்து உட்காருவார். பழைய ஆன்டிவைரஸை நீக்குவார். அடுத்த கம்பெனியின் ட்ரயலை இறக்குவார். ஒரு சுற்று முடிந்து முதல் கம்பெனிக்கே திரும்பிப் போக வேண்டி வந்தால், வேறு இமெயில் முகவரி. அவருடைய நாலு வயசுப் பேரனுக்கு, ‘உங்கள் கம்ப்யூட்டர் பெரும் ஆபத்தில் இருக்கிறது, உடனே புதுப்பிக்கவும்’ என்று ஓயாமல் கடிதம் வருகிறது.

மாமாவுக்கு விஷயம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் எந்த டப்பா எம்.ஆர்.பி.யில் பாதிக்குக் கிடைக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். விலை கேட்பார், பேரம் பேசுவார், படியவும் வைத்துவிடுவார். “சரி, யோசிச்சு வரேன்” என்று கிளம்பிவிடுவார். “கே7 நம்ம சென்னைக் கம்பெனி சார், 1991-லேயே ஆரம்பிச்சது” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். குவிக் ஹீலை ஆரம்பித்த கைலாஷ் கட்கர் புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், சாஃப்ட்வேரை எழுதியது தம்பி சஞ்சய் என்ற கதையைப் பிளாக் பையன்களுக்கு நீதிக்கதையாகச் சொல்வார்.

“அவ்வளவு கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர் மாமா, ஒரு வருஷச் சந்தா கட்டப்படாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அதான் முன்னுக்கு வந்துட்டாரே!” என்றார்.

சரி, காசே வேண்டாம் என்றால் இலவசப் பதிப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் அல்லவா? அதற்கும் ஒப்ப மாட்டார். “சும்மா கொடுக்கறவன் எதுக்குக் கொடுக்கறான்னு யோசிக்கணும் சார்” என்பார். சும்மாவே வாழ்கிறவர் சொன்னாலும் இதில் நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் எந்தெந்த வெப்சைட்டுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்ற குற்றத்துக்காக, இலவசப் பதிப்பு தரும் அவாஸ்ட் கம்பெனியை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன். இது 2024-இல். மாமா அந்தச் செய்தியைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். பிரிண்ட் எடுத்தது பிளாக் அசோசியேஷன் பிரிண்டரில்.

விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரைப் பற்றிச் சொன்னால் முகம் சுளிப்பார். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து முழு ஆன்டிவைரஸாகவே அது உள்ளே இருக்கிறது. ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்து ஏவி-டெஸ்ட் நிறுவனம் வைக்கும் பரீட்சையில் 18-க்கு 18 வாங்கிய வரலாறும் அதற்கு உண்டு. என்ன செய்ய, வீட்டோடு மாப்பிள்ளைக்கு எங்கே மரியாதை? வெளியிலிருந்து ஒரு ட்ரயல் வந்து உட்கார்ந்ததும் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். ட்ரயலை நீக்கினால் பேசாமல் வந்து வேலையைப் பார்க்கும். மாமா வீட்டில் அதற்கு இரண்டு ட்ரயலுக்கு நடுவிலான அரை மணி நேரம்தான் டியூட்டி.

மாமாவின் நிரந்தர எதிரி மூன்றாம் மாடி பேங்க்காரர். கொடுத்துக் கெட்ட கட்சி. ‘டோட்டல் செக்யூரிட்டி’ என்ற பெயரில் ஐந்து கருவிகளுக்குச் சந்தா கட்டியிருக்கிறார். வீட்டில் இருப்பவை இரண்டு. குழந்தைகளைக் கண்காணிக்கும் வசதி அதில் உண்டு; அவருடைய ‘குழந்தைகள்’ டல்லாஸில் இருக்கிறார்கள். பாஸ்வேர்டைப் பத்திரமாக வைக்கும் பெட்டகமும் உண்டு. பாஸ்வேர்டோ மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கிறது. பெரும்பாலான கம்பெனிகளின் இலவசப் பதிப்பிலும் கட்டணப் பதிப்பிலும் வைரஸைப் பிடிக்கிற எஞ்சின் ஒன்றேதான், காசு வாங்குவது இந்த உபரிகளுக்குத்தான் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். முதல் வருஷம் தள்ளுபடி விலை, இரண்டாம் வருஷம் முழு விலை. கார்டிலிருந்து தானாக எடுப்பதற்கு ஒருநாள் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021-இல் கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. எஸ்.எம்.எஸ். வரத்தான் வருகிறது. ‘ஏதோ விளம்பரம்’ என்று அழித்துவிடுகிறார்.

மொட்டை மாடியில் வாக்கிங் போகும்போது இருவரும் இதைப் பற்றி விவாதிப்பார்கள். விலை பற்றி மட்டும்தான். விண்டோஸ் அப்டேட் பற்றி யாராவது பேச்செடுத்தால் இருவரும் ஒரே குரலில், “அது டேட்டா தின்னும் சார்!” 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகத்தைக் கலக்கியபோது, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே விட்டிருந்தது என்றேன். “மார்ச்சுல வருஷக் கணக்கு முடிக்கற நேரம் இல்லையோ?” என்றார் பேங்க்காரர்.

இப்படி இருக்கையில் மாமாவின் மைத்துனர் பெண்ணுக்கு வரன் வந்தது. பொருத்தம் பார்க்க ஒரு ஜாதக சாஃப்ட்வேர் வேண்டும். எங்கேயோ தேடி, கிராக் செய்த ‘ஃபுல் வெர்ஷன்’ ஒன்றைப் பிடித்துவிட்டார். ஜிப் ஃபைலைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னக் குறிப்பு: ‘இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்.’ அப்போது காவலுக்கு இருந்தது சந்தையிலேயே விலை உயர்ந்த ஆன்டிவைரஸின் பன்னிரண்டாம் நாள் ட்ரயல். அது சிவப்புப் பெட்டி காட்டிக் கத்தியது. தணிக்கையில் ஒரு வவுச்சரைக்கூட நம்பாதவர், முகம் தெரியாத ஒருவன் எழுதிய குறிப்பை நம்பி, “ஃபால்ஸ் பாசிட்டிவ் சார்” என்று அதன் வாயை மூடினார்.

பொருத்தம் பத்துக்கு எட்டு. அதைச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் கம்ப்யூட்டரில் இருந்த போட்டோ ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலெழுத்து வால் முளைத்திருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு ரீட்மீ. ஸ்டாப் என்றும் டிஜேவு என்றும் சொல்லப்படுகிற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர். கிராக்கோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் அதன் வழக்கம். மாமா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். படித்தேன்: விடுதலைக்கு 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் 50 சதவீதம் தள்ளுபடி, 490 டாலர். நம்பிக்கை வருவதற்காக, முக்கியமில்லாத ஃபைல் ஒன்றை அனுப்பினால் இலவசமாகத் திறந்து காட்டுவார்களாம்.

மாமாவின் முகத்தில் ஒளி வந்தது.

“இவனும் ட்ரயல் தரான் சார்!”

“மாமா, இவன் கொள்ளைக்காரன்.”

“இருக்கட்டுமே. ஒரு ஈமெயிலுக்கு ஒரு ஃபைல். பேரன் ஐடியிலேர்ந்து இன்னொண்ணு அனுப்பிச்சா? சீனியர் சிட்டிசன் கன்செஷன் உண்டான்னும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமோ?”

மாமி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். மகள் வந்து போகும்போதெல்லாம் எல்லாப் படத்தையும் அதில் ஏற்றி வைத்துவிட்டுப் போவாளாம். நாலாயிரம் ரூபாய்; வாங்கிய புதிதில் “தண்டச் செலவு” என்று மாமா ஒரு வாரம் சாதம் பிசையும்போதெல்லாம் முணுமுணுத்த பொருள். கம்ப்யூட்டரில் சொருகாமல் பீரோவில் கிடந்ததால் வைரஸின் கைக்கு எட்டவில்லை. ஆன்டிவைரஸ் இலவசமா, கட்டணமா என்று எத்தனையோ வருஷமாக மொட்டை மாடியில் நடந்த வழக்கு, ஆன்டிவைரஸே இல்லாத ஒரு பொருளால் அன்றைக்குத் தீர்ந்தது. நான்தான் கம்ப்யூட்டரைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். காவலுக்கு டிஃபெண்டர். கிராக் இல்லை. அப்டேட் தானாக வரும்படி வைத்தாயிற்று. ஹார்ட் டிஸ்க் சொருகுவது அதற்கப்புறம்தான்.

மாமா இப்போது திருந்திவிட்டார். வருவோர் போவோரிடமெல்லாம் பேக்கப்பின் பெருமையைப் பேசுகிறார். ஹார்ட் டிஸ்க் ஒன்று போதாது, வீட்டுக்கு வெளியிலும் ஒரு பிரதி வேண்டும் என்கிறார். வாஸ்தவம்தான். கூகுளில் கணக்கு ஒன்றுக்கு 15 ஜி.பி. இலவசம், தன் பேரில், மாமி பேரில், பேரன் பேரில் எல்லாம் திறந்து நிரப்பியாகிவிட்டது. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தார்.

“எங்க நம்பர்லயெல்லாம் கோட்டா முடிஞ்சுடுத்து சார். இப்ப உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதை மட்டும் சொல்லுங்கோ.”