திருப்புளியைக் கீழே வையுங்கள்

கே: பார்ட்ஸ் எல்லாம் தனித்தனியாக ஆன்லைனில் வரவழைத்து, 58 சிசி செயின் சா ஒன்றை நானே கோத்துவிட்டேன். கயிற்றை இழுத்தால் ‘டப்’ என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் கைவலிதான் மிச்சம். (பேராவூரணி)

ப: அந்த ‘டப்’பைத்தான் நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ‘போதும், சோக்கை எடு’ என்கிறது மெஷின். அதற்குப் பிறகும் சோக்கோடு இழுத்தால் பெட்ரோல் ரொம்பிவிடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் துடைத்து மாட்டி, சோக் இல்லாமல் இழுங்கள். பிளக் சொட்டு ஈரம்கூட இல்லாமல் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவேயில்லை. டாங்கிக்குள் கிடக்கும் ஃபில்டர், டியூப், கார்ப்பரேட்டருக்குத் துடிப்பு கொடுக்கும் சின்னத் துளை என்று வரிசையாகப் போங்கள். வீட்டில் கோக்கும்போது கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டு அந்தத் துளையை மூடிவிடுகிறவர்கள் உண்டு.

ஸ்பார்க்கே இல்லையா? காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே 0.3 மி.மீ. போதும். விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகி, காயிலை அதோடு ஒட்டவைத்து முடுக்குங்கள். கல்யாணப் பத்திரிகை வேண்டாம், கனம் ஜாஸ்தி.

கே: ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஐடிலிங் நிற்கவில்லை. தானாக ஏறுகிறது, இறங்குகிறது. ஆக்சிலேட்டரை விட்டாலும் உடனே அடங்குவதில்லை. எல் ஸ்க்ரூவைத் திருகித் திருகித் தலை தேய்ந்துவிட்டது. (பட்டுக்கோட்டை)

ப: யார் தலை என்று எழுதவில்லையே! முதலில் திருப்புளியைக் கீழே வையுங்கள். இது கார்ப்பரேட்டர் கோளாறாகத் தெரியவில்லை, எங்கேயோ காற்றுத் திருடன் புகுந்திருக்கிறான். மெஷினை ஐடிலிங்கில் விட்டு இடமும் வலமுமாகச் சாயுங்கள். ஒரு பக்கம் சாய்க்கும்போது மட்டும் வேகம் மாறினால், க்ராங்க் சீல்மேல் சந்தேகப்படலாம். கோணலாக அடித்து இறக்கிய சீல், உதடு மடங்கிய சீல், கேஸின் இரண்டு பாதிக்கும் நடுவில் பிசிறு வெட்டாத கேஸ்கெட், வெடிப்பு விட்ட இன்டேக் ரப்பர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

கையும் களவுமாகப் பிடிக்க வழி உண்டு. சைலன்சரைக் கழற்றி, பழைய சைக்கிள் டியூப் துண்டை வைத்து மறுபடி முடுக்குங்கள். கார்ப்பரேட்டர் பக்கமும் அப்படியே அடையுங்கள். பிஸ்டன் கீழே இருக்கட்டும். பிளக் துளை வழியாகக் கைப்பம்பில் 0.5 பார் அளவுக்குக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை எங்கே கொப்புளிக்கிறதோ அங்கே ஆள் இருக்கிறான். வெளியே தள்ளும்போது பிடித்து, உள்ளே உறிஞ்சும்போது விட்டுக்கொடுக்கிற சீலும் உண்டு என்பதால் வேக்குவம் வைத்தும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குத் தனி ஆயில் பம்ப் கிடையாது. பெட்ரோலோடு வருகிற டூ-டி ஆயில்தான் அதன் மொத்த சாப்பாடு. திருட்டுக் காற்று சேரச் சேர பெட்ரோலும் ஆயிலும் குறைகின்றன, சூடு ஏறுகிறது. ஸ்க்ரூவைத் திருகி அதை மறைத்துவிடலாம். லீக் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

கே: லீக் இல்லை என்று உறுதியாகிவிட்டது. இனியாவது திருகலாமா? (ஒரத்தநாடு)

ப: தாராளமாக. ஏர் ஃபில்டர் சுத்தம், செயின் கூர்மை, எஞ்சின் சூடு, மூன்றும் இருக்கட்டும். ஓட்டுவதற்கு முன் கார்ப்பரேட்டரின் எல், எச் ஸ்க்ரூக்கள் இரண்டையும் மெல்ல மூடி, ஒரு சுற்றுத் திறந்து வையுங்கள். சூடான பிறகு எல் ஸ்க்ரூவைச் சிறிது சிறிதாக மூட, வேகம் ஏறி ஓர் இடத்தில் உச்சத்துக்கு வரும். அங்கிருந்து அரைக்கால் சுற்றுத் திறந்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மூச்சு முட்டினால் இன்னும் ஒரு நூல் திறக்கலாம். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவில், எஞ்சின் ஓடியும் செயின் நகராத இடத்தில் நிறுத்துங்கள். எவ்வளவு குறைத்தும் செயின் சுற்றினால் க்ளட்ச் ஸ்ப்ரிங்கைப் பாருங்கள். க்ளட்சைக் கழற்றும்போது இடது மரை என்பது ஞாபகம் இருக்கட்டும்.

எச் கடைசி. லோடு இல்லாமல் முழு ஆக்சிலேட்டரில் சில நொடிகள். ‘பொர பொர’ என்று கரகரத்து, மரத்தில் இறக்கியதும் குரல் தெளிந்து இழுக்க வேண்டும். காற்றிலேயே விசில் மாதிரி கீச்சிட்டால் உடனே திறந்துவிடுங்கள். காயிலில் வேகக் கட்டுப்பாடு இருந்தால் அந்தத் தடுமாற்றமும் காதுக்கு இதே கரகரப்பாகவே கேட்டு ஏமாற்றும். அப்போது மரத்தில் வெட்டிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கே: எச் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் மூடினால் மெஷின் பறக்கும் என்கிறாரே மச்சான்? (அறந்தாங்கி)

ப: பறக்கும். இறங்கும்போது பிஸ்டனில் கோடு விழுந்திருக்கும். புது பிஸ்டன் செலவை மச்சானே ஏற்பாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

கே: ஆயிலைத் தாராளமாக ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லதுதானே? இப்போது பங்கில் வேறு எத்தனால் கலந்து வருகிறது. (கும்பகோணம்)

ப: ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும், கலவை காற்றுப் பக்கம் சாயும். லிட்டருக்கு 20 மில்லியிலிருந்து 40 மில்லிக்கு மாறினால் எச் ஸ்க்ரூவையும் மறுபடி பார்க்க வேண்டும். 20 சதவீத எத்தனாலும் அதே பக்கம்தான் இழுக்கும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஈரத்தையும் உறிஞ்சும். வேலை முடிந்தால் டாங்கியைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

கே: பத்து நிமிடம் ஓடுகிறது, அணைகிறது. ஆறவைத்தால் மறுபடி ஓடுகிறது. (திருவாரூர்)

ப: அணைந்தவுடன் டாங்கி மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் டாங்கியின் காற்றுத்துளை அடைப்பு. இல்லையென்றால் சூட்டோடு ஸ்பார்க் பாருங்கள், காயிலாக இருக்கலாம்.

கே: எஞ்சின் அருமை. ஆனால் தென்னையில் வைத்தால் புகைதான் வருகிறது. (வேதாரண்யம்)

ப: செயினைத் தலைகீழாக மாட்டவில்லையே? சிரிக்காதீர்கள், பாதிப் புகைக்கு அதுதான் காரணம். சரியாக இருந்தால் கீழே விழுவது தூளா, சீவலா என்று பாருங்கள். தூள் என்றால் பல் மழுங்கிவிட்டது. தென்னையின் வெளிப்புறம் இரும்பு. 2018-இல் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் ரம்பம் பிடித்தவர்களைக் கேளுங்கள், அரம் கையிலேயே இருந்திருக்கும். எல்லாப் பல்லுக்கும் ஒரே கோணம், ஒரே எண்ணிக்கையில் அரம் போடுங்கள். ஒரு பக்கத்துப் பற்கள் நீண்டிருந்தால் வெட்டு வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் நிற்கும் மொட்டு 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும், அதை அதிகம் ராவினால் மெஷின் உங்களையே இழுத்துக்கொண்டு போகும்.

கே: கிரைண்டரில் மாட்டுகிற செயின் சா கிட் மலிவாகக் கிடைக்கிறதே? (மதுரை)

ப: கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 11,000 சுற்று, ஏழு பல் ஸ்ப்ராக்கெட், 3/8 செயின் என்றால் நொடிக்குச் சுமார் 24 மீட்டர். இந்த வேகத்தில் க்ளட்ச் இல்லை, செயின் பிரேக் இல்லை. பார் நுனி மரத்தில் பட்டு எகிறினால் நிறுத்த ஆளில்லை. வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் பார் மட்டும் சுவரில் மாட்ட அழகாக இருக்கும்.

கே: கோத்து முடித்த பிறகு ஒரு வாஷரும், சின்ன வட்டக் கம்பி ஒன்றும் மிச்சம் இருக்கின்றன. பரவாயில்லையா? (தேவகோட்டை)

ப: வாஷர் பெரும்பாலும் க்ளட்ச் ட்ரம்முக்கு வெளியே இருக்க வேண்டியது, அதில்லாமல் ட்ரம் ஆடும். வட்டக் கம்பி பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப் என்றால் கயிற்றின் பக்கமே போகாதீர்கள். பின் நழுவி சிலிண்டர் சுவரில் கோலம் போட்டுவிடும். சிலிண்டரைக் கழற்றுங்கள், இன்றைக்கே.