சிரிக்க ஆள் வேணும்லா!

வாங்க மாலுமி ஐயா! கொழும்புக்குப் பாய்ப்படகுலயா போறீக? நனையாத சட்டை, கறுப்புக் கண்ணாடி, போன்ல வானிலை, எல்லாம் வாங்கியாச்சு. காத்து மட்டும் வாங்கல போல. பரவால்ல, அதைக் கடல்ல ஓசியாவே தருவாக.

நானும் இந்தத் தூத்துக்குடியில தோணி ஓட்டுற தண்டலா இருந்தவன்தாம்ல. கொழும்பு 150 கடல் மைல். எங்கிட்ட இருந்த வானிலை ஆபீசு இந்த வழுக்கைத் தல ஒண்ணுதான். காத்து குளுந்தா மொதல்ல அதுதான் சொல்லும்.

நாலு மணிக்குத்தான் மழைன்னு போன்ல போட்டிருக்கா? மேகத்துக்கிட்ட காட்டு, பாவம், அதுக்குத் தெரியாது. காட்டிட்டுத் தலையத் தூக்கிப் பாரு. தூரத்துல கறுப்பாக் கட்டி, அதுக்குக் கீழ தண்ணி வெள்ளையாப் பொரிஞ்சுக்கிட்டு வருதா? வீசுன காத்து பொட்டுன்னு செத்து, பாய் தொங்குதா? 'அப்பாடா'ன்னு டீ போட உக்காந்துராத. பாயப் புடிக்கிற தாமான் கயித்த இளக்கு, பாயச் சுருக்கு. மழைக்கு முந்தி காத்து வரும். காத்து வேகம் ரெண்டு மடங்கானா பாய்ல விழுற அடி நாலு மடங்குல. படிச்சவன் நீ, பெருக்கிப் பாரு.

பாரோமீட்டர் இறங்குதுன்னு உடனே மாதாவுக்கு நேந்துக்காத. நம்ம கடல்ல அது தெனமும் ரெண்டு தரம் ஏறி இறங்கும். பகல்லயும் ராத்திரியிலயும் 10 மணிவாக்குல மேல, 4 மணிவாக்குல கீழ. 3, 4 மில்லிபார் அதுக்கு விளையாட்டு. காலையில ஏற வேண்டிய நேரத்துல விடாம இறங்குதா? இப்ப நேந்துக்க. காத்துக்கு முதுகக் காட்டி நில்லு. புயல் உன் இடதுகைப் பக்கம் இருக்கு. அந்தப் பக்கம் செல்பி எடுக்கப் போயிராத.

ஒருவாட்டி, பக்கத்துத் தோணிக்காரன் பாயச் சுருக்கல. நாம சுருக்குனா கேவலம்னு நானும் விறைச்சுக்கிட்டு ஓட்டுனேன். பாய் கிழிஞ்சு கொடியாப் பறந்துச்சு. முதலாளி பாய்க்கு உண்டான காசை என் கணக்குல புடிச்சாரு. வீறாப்புக்குன்னு தனியாப் புடிக்கல, அந்த மட்டுக்கும் நல்ல மனுசன்.

அதனால மொத சந்தேகத்துலயே சுருக்கிரு. ஒண்ணும் வராமப் போனா, 'கிழவன் பேச்சக் கேட்டு வீணா ஒரு மணி நேரம் போச்சே'ன்னு கூட வந்தவனுவ கரையேறிச் சிரிப்பானுவ. சிரிக்கட்டும்ல. எண்ணிப் பாரு, போனவன் அத்தன பேரும் நின்னு சிரிக்கானுவல்லா!