சலவை இயந்திரச் சத்தங்கள்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வு எல்லை

எல்லை சொல்லாத ஆய்வுக்குப் பட்டம் கிடையாது. இவ்வாய்வின் வட எல்லை ஆரம்பாக்கம். அதைத் தாண்டினால் ஆந்திரம்; அங்கே மெஷின் போடும் சத்தம் ஒப்பியல் துறைக்கு உரியது. கிழக்கே பழவேற்காடு ஏரி. தென்மேற்கே திருவள்ளூர். இந்த மாவட்டமே 1997இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்ததுதான் என்பதால், அதற்கு முந்தைய சத்தங்களைச் செங்கல்பட்டு அறிஞர்களுக்கே விட்டுவிட்டோம்.

சிப்காட்டில் ரோலிங் மில், தேசிய நெடுஞ்சாலை 16இல் கன்டெய்னர் லாரி, கூடூர் பாதையில் சரக்கு ரயில். இத்தனைக்கும் நடுவே ஒருவர், "மெஷின்ல ஏதோ சத்தம் வருதுங்க" என்று சொல்வாரானால், அந்தக் காதின் பெயரில் பல்கலைக்கழகத்தில் ஓர் அறக்கட்டளையே நிறுவலாம்.

2. முன்னோர் கருத்து

தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்தொலி பிறக்கும் இடங்களைச் சொல்கிறது. நெஞ்சு, மிடறு, மூக்கு, அண்ணம் எல்லாம் உண்டு. பேரிங், பம்ப், பெல்ட் இல்லை. ஆகவே தொல்காப்பியர் காலத்து மெஷின்கள் சத்தமில்லாமல் ஓடின என்று நிறுவலாம். இதைவிட மெலிந்த ஆதாரத்தின்மேல் முனைவர் பட்டங்கள் நின்றுகொண்டிருக்கின்றன.

பிற்காலத்தில் இரு பள்ளிகள் எழுந்தன. "பேரிங் போச்சு" என்பது ஒன்று (எதிர்வீட்டு மாமா, வாய்மொழி, கேட் அருகே). "கரண்ட்தான் சரியில்லை" என்பது மற்றது (மாடிவீட்டு அக்கா, ‘கொடிக்கயிற்றுச் சொற்பொழிவுகள்’, துணி காய்ந்தபின் திருத்திய பதிப்பு). இரு தரப்பாரும் மெஷினைத் திறந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஆய்வுலகில் அவர்களுக்கு மதிப்பு இருந்திருக்காது.

3. வகைப்பாடு

எதையும் ஐந்தாகப் பிரிப்பது நம் மரபு. நல்லவேளையாகச் சத்தமும் ஐந்துதான். நான்கு கிடைத்திருந்தால் ஐந்தாவதைக் கருத்தரங்கில் தயாரித்திருப்போம். ஒவ்வொன்றையும் அது எழும் நேரத்தைக் கொண்டு பிரித்திருக்கிறோம். வாயால் அதைப் போலச்செய்து காட்டுவது மெக்கானிக்குக்குப் பொழுதுபோக்கு மட்டுமே.

அ) தண்ணீர் ஏறும்போது "உம்ம்": இன்லெட் வால்வு. மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க.

ஆ) புது மெஷின் சத்தத்தோடு அறைக்குள் நடந்து போவது: பின்பக்கம் டிரான்ஸிட் போல்ட் கழற்றப்படவில்லை. கழற்றுக.

இ) பிழியத் தொடங்கும்போது "டொம் டொம்": துணி ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. கட்டுரைக்கு அறிவியல் தகுதி வேண்டுமென்பதால் ஒரு கணக்கு: நிமிடத்துக்கு 1,200 சுற்றில், மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி, 1 கிலோ ஈரத்துணி ஒரே பக்கம் சேர்ந்தால் டிரம்மை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமம். ஒற்றைப் போர்வையைத் தனியாகப் போட்டுத் துவைப்பவர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்க.

ஈ) வேகம் ஏற ஏறக் கூடவே ஏறும் "கர்ர்ர்": இதுதான் பேரிங். சீல் தேய்ந்து, தண்ணீர் புகுந்து, கிரீஸ் போய், துரு ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றினால் கரகரக்கும்; மேலும் கீழும் அசைத்தால் ஆடும். எதிர்வீட்டு மாமா வெல்லும் ஒரே இடம்.

உ) "கடகட, கிளிங்": அடுத்த இயல் முழுவதும் இதற்கே.

4. சட்டைப்பைக் கோட்பாடு

இரவு ஷிப்ட் முடிந்து வரும் யூனிபார்ம் ஒரு சிறிய ஹார்டுவேர் கடை. மேல்பையில் டெஸ்டர், பக்கப்பையில் வாஷர், பேன்ட் பையில் எட்டாம் நம்பர் போல்ட்டின் நட்டு, ஓரத்தில் லேத்து பிசிறு. யாரும் திருடி வருவதில்லை, தானாக வருகின்றன (காண்க: ‘பைகளின் தன்னியக்கம்’, டீக்கடைப் பெஞ்சு வெளியீடு, தொகுதி இரண்டு, அதற்கு மாஸ்டர் எழுதிய மறுப்புரை, பாக்கிக் கணக்கு நோட்டின் பின்னட்டை, மறுப்புக்கு மறுப்பு, அதே நோட்டு, வடை எண்ணெய் படிந்ததால் பாட பேதம் மிகுதி).

இவற்றுள் தனி ஆய்வுக்கு உரியது பத்து ரூபாய் நாணயம். விட்டம் 27 மில்லிமீட்டர், எடை 7.71 கிராம். செல்லத்தக்க நாணயம் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியும் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகள் பல இதை வாங்கத் தயங்கின. மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டது வாஷிங் மெஷின் ஒன்றே. டிரம்மின் ஓட்டைகளில் நுழைய முடியாத இந்த நாணயம், முன்கதவு மெஷினில் ரப்பர் வளையத்துக்கும் டிரம் விளிம்புக்கும் இடையிலுள்ள சந்தில் இறங்கி, வெளித்தொட்டிக்குப் போய், அங்கிருந்து பம்ப் ஃபில்டரை அடைகிறது. இந்தப் பயணத்தை ஆறு கட்டங்களாகப் பிரிப்பார் ஒரு சாரார். ஏழு என்பார் மறுசாரார். ஏழாவது கட்டம் நாணயம் வெளியே வருவது. ஆய்வாளர்கள் அதுவரை போவதில்லை.

போய்ப் பார்ப்போம். முதலில் பிளக்கைப் பிடுங்குக. வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறட்டும். முன்பக்கம் கீழ்மூலையில் ஒரு சின்ன மூடி. அடியில் பக்கெட் நுழையாது, தாம்பாளம் வைக்க. உள்ளே மெல்லிய குழாய் இருந்தால் அதன்வழியே தண்ணீரை முதலில் வடித்துவிடுக. பிறகு திருகியை இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால் சாம்பல் நிறத் தண்ணீர் வரும். அதன்பின் வழவழவென்று நூல் பிசிறு, ஹேர்பின், நட்டு, நாணயம். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் சத்தம் வந்ததென்றால் குற்றவாளி அநேகமாக இங்கேதான் இருப்பான். மேல்கதவு மெஷின் என்றால், அடியில் சுழலும் பல்சேட்டரின் நடுத்திருகாணியைக் கழற்றி அதன் கீழே தேடுக.

5. முடிவுகள்

ஒன்று: சத்தம் எப்போது வருகிறது என்று குறித்துவைத்துச் சொன்னால் மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்தது. இரண்டு: பேரிங் என்று யாராவது சொன்னால், ஃபில்டரைத் திறந்து பார்த்தாரா என்று கேளுங்கள். இதே கேள்வியை மேற்கோள் அடுக்கும் எந்த அறிஞரிடமும் கேட்கலாம். மூல நூலைத் திறந்தீர்களா என்று மாற்றிக்கொண்டால் போதும். மூன்று: யூனிபார்மை மெஷினில் போடுமுன் பையில் கைவிட்டுப் பாருங்கள். கிடைக்கும் நட்டை மறுநாள் கம்பெனியில் கொடுத்துவிடுங்கள். பத்து ரூபாயை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், அது செல்லும்.