வெடிக்கக் கூடாத சொல்

1923-ல் விருதுபட்டி என்ற பெயரை விருதுநகர் என்று மாற்றிக்கொண்ட ஊர் எங்களுடையது. பட்டிக்கும் நகருக்கும் எவ்வளவு தூரம் என்று தாத்தா காலத்திலேயே தெரிந்த ஊரில் பிறந்தும், எனக்கு அது ஐம்பத்திரண்டு வயதில்தான் உறைத்தது.

வேலை சிவகாசியில், ஒரு பட்டாசு ஆலை ஆபீசில். கடிதம், சுற்றறிக்கை, கூட்டக் குறிப்பு எல்லாம் என் கைவண்ணம். தீபாவளி நெருக்கத்தில் ஒரு குறிப்பில் 'போனஸ் பிரச்சினை மீண்டும் வெடித்தது' என்று எழுதினேன். பேப்பர் படித்துப் படித்து ஒட்டிக்கொண்ட நடை. முதலாளி கண்ணில் கடைசிச் சொல் மட்டும்தான் பட்டது. அவர் கையிலிருந்த டீ என் சட்டைக்கு வந்தது.

"கணக்கப்பிள்ளை, நம்ம சரக்கு வாங்குனவன் வாசல்ல வெடிக்கணும். நம்ம காகிதத்துல வெடிக்கக் கூடாது. 'எழுந்தது'ன்னு போடுங்க."

2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தைப் பார்த்த ஊர் சிவகாசி. அந்தச் சொல்லை இங்கே யாரும் விளையாட்டுக்கு எடுப்பதில்லை.

திருந்தினேனா? அன்று மதியமே வீட்டுக்கு வாட்ஸ்அப் தட்டினேன்: 'ஆபீஸில் வெடித்துவிட்டது. வர லேட்டாகும்.' ஒரு மணி நேரத்தில் மச்சினன் பைக்கில் வந்து நின்றான், பின்னால் என் மனைவி. முழுசாக இருந்த என்னைப் பார்த்ததும் அழுகை நின்று வசவு ஆரம்பித்தது. அதில் ஒரு சொல்லுக்கும் இரட்டைப் பொருள் கிடையாது.

அடுத்து விலைப்பட்டியல். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து பேரியம் உப்பு கூடாது, பசுமைப் பட்டாசுதான். நான் 'கண்ணைப் பறிக்கும் பசுமை' என்று அலங்காரமாக எழுதினேன். ஃபோர்மேன் காதோடு சொன்னார்: "சார், மத்தாப்புல பச்சை கலர் குடுத்ததே பேரியம்தான். பசுமைப் பட்டாசுல அதுதான் இல்ல."

பசுமை புகையைக் குறைப்பதற்கு வைத்த பெயராம், நிறத்துக்கு இல்லையாம். பெயர் வைத்த புண்ணியவான் விவரமானவர். பச்சைப் பட்டாசு என்று வைத்திருந்தால், பக்கத்திலேயே பொய் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கும்.

இப்போது எதை எழுதினாலும் வீட்டம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். போனஸ் கேட்டு முதலாளிக்கு எழுதிய கடிதத்தில் 'பாக்கி' என்பதை அடித்து 'அன்பளிப்பு' ஆக்கியவள் அவள்தான். போனஸ் வந்துவிட்டது.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம்: கட்டுரை பிடித்திருந்தாலும் 'சிரிப்பு வெடி' என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். மச்சினனுக்கு இன்னொரு தடவை பெட்ரோல் போட என்னால் ஆகாது.