‘அப்பவே’ அண்ணன்

ஆரணியில் நெசவாளர் தெருவில் ஒருவரைப் பிடித்து வைத்துப் பேச வேண்டும் என்றால் அதற்குத் தோதான நேரம் விடியற்காலை. தெருவில் பாவு நீட்டியிருக்கும் நேரம். மூன்று சேலைக்கான பட்டு இழை இந்த வீட்டு வாசலிலிருந்து அந்தக் கோடி வரை விறைப்பாக நிற்கும். இரண்டு முனையிலும் ஆள். நடுவில் இரண்டு பேர் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். கையை விட்டால் சிக்கல், நகர்ந்தால் சிக்கல், திரும்பிப் பார்த்தால்கூடச் சிக்கல். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் எங்கள் தெருவில் ஒருவர் நிரந்தரக் குத்தகைதாரர்.

2004 ஜூலை 5, திங்கட்கிழமை. பாவு நீட்டி முடித்து அரை மணி நேரம் ஆகியிருக்காது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண் இரண்டும் சாயப்பட்டறையில் முக்கி எடுத்ததுபோலச் சிவக்க, அண்ணன் வந்தார். நேராக நடுவில் நின்றார்.

“சொன்னனா இல்லியா?”

யாரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் மட்டும் என்ன, பதில் அவரிடம் தயாராக இருந்தது.

“கிரீஸ்காரன் கெலிச்சிட்டான். நான் அப்பவே சொன்னன்.”

நள்ளிரவு 12.15-க்குத் தொடங்கி 2 மணி சுமாருக்கு முடிந்தது ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். லிஸ்பன் நகரத்தில், சொந்த மைதானத்தில், சொந்த ஜனங்கள் மத்தியில் ஆடிய போர்ச்சுகலை கிரீஸ் 1-0 என்று சாய்த்திருந்தது. 57-ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை சரிஸ்டியாஸ் தலையால் முட்டினார்; அவ்வளவுதான். அந்தப் போட்டிக்கு முன்னால் பெரிய போட்டிகள் எதிலும் ஒரே ஒரு ஆட்டம்கூட ஜெயித்திராத நாடு கிரீஸ். 1994 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடி, பத்து கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல் ஊர் திரும்பியவர்கள். அவர்கள் கோப்பையைத் தூக்குவார்கள் என்று கிரீஸிலேயே முக்கால்வாசிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆரணியில் ஒருவர் அப்பவே சொல்லியிருக்கிறார்.

அடுத்த கால் மணி நேரம் பாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தபடி அண்ணன் காரணங்களை விளக்கினார். காரணம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. போட்டியின் முதல் ஆட்டத்திலேயே இதே போர்ச்சுகலை கிரீஸ் 2-1 என்று அடித்திருக்கிறது. ஒரு தடவை அடித்தவன் இன்னொரு தடவை அடிக்க மாட்டானா? பிரான்ஸை 1-0, செக்கை 1-0, கடைசியில் இவனையும் 1-0. மூன்று கோலும் தலையால் போட்டது. “ஃபுட்பால்னு பேரு வச்சிகினு எல்லாரும் காலையே பாத்துகினு இருந்தான், அவன் தலையால அடிச்சிட்டுப் பூட்டான்.” போர்ச்சுகல் பையன் ஒருத்தன், பத்தொன்பது வயசு, மைதானத்திலேயே நின்று தேம்பித் தேம்பி அழுதானாம். பேர் ரொனால்டோ. “அவனும் பின்னால பெரிய ஆளா வருவான், எழுதி வச்சிக்கோ” என்றாரா என்று எனக்கு நினைவில்லை. சொன்னதாக இன்று அவர் சொல்கிறார்.

இதில் ஒரு சின்ன விஷயம். முந்தின நாள் மாலை இதே தெருமுனை டீக்கடையில் அண்ணன் போர்ச்சுகல் மீது பிரியாணி பந்தயம் கட்டியிருந்தார். ஆரணியில் பிரியாணி பந்தயம் என்பது விளையாட்டு இல்லை. காசு வைத்துத் தோற்றால் கடன் என்று சொல்லித் தள்ளிப்போடலாம். பிரியாணியில் தோற்றால் ஊரே சாட்சி. பாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை ஞாபகப்படுத்தினார். அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“கிரீஸ் கெலிக்கும்னு தெரிஞ்சிதான் போர்ச்சுகல் மேல கட்டினன். உங்களுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுக்கணும்னு மனசுல இருந்திச்சி. சும்மா குடுத்தா வாங்கிப்பீங்களா?”

அந்தப் பிரியாணி இன்று வரை வரவில்லை என்பது வேறு கதை.

இந்த வகை ஆளை நீங்கள் உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். தேர்தல் முடிவு, மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் நின்றுபோனது, எதுவானாலும் அப்பவே சொன்னவர்கள். ஆனால் கால்பந்து ரசிகரான ‘அப்பவே’ தனி ஜாதி. கிரிக்கெட்டில் இவருக்கு வேலை குறைவு. ஆளுக்கு ஆள் நிபுணர், எல்லோருமே அப்பவே சொன்னவர்கள். நெசவாளர் தெருவில் ராத்திரி முழுக்க விழித்து ஐரோப்பாக்காரன் பந்து உதைப்பதைப் பார்க்கிறவர் நாலு பேர். மீதிப் பேர் தூங்கி எழுந்து, முடிவை இவர் வாயால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே தீர்க்கதரிசனமும் செய்தியும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே நேரத்தில், ஒரே விலைக்கு வந்து சேரும்.

அவருடைய தொழில்நுட்பத்தை நான் பல வருடம் கவனித்துக் கண்டுபிடித்தேன். பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள் அண்ணன் ஊரை ஒரு சுற்று வருவார். டீக்கடையில் ஒரு அணி ஜெயிக்கும் என்பார். சலூனில் மற்ற அணி. சாயப்பட்டறையில் “பெனால்டி வரைக்கும் போவும் பாரு.” ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் வரிசையாகத் தொங்கும் அல்லவா, எந்த மிதிக்கு எந்த அட்டை விழுந்தாலும் ஏதோ ஒரு பூ துணியில் வந்துதானே ஆக வேண்டும்? அதுபோல. மறுநாள் எந்த முடிவு வந்தாலும் ஊரில் ஒரு இடத்தில் அதற்கு ஒரு சாட்சி இருப்பார். கிரீஸுக்கு சலூன்காரர் சாட்சி. யாராவது சந்தேகப்பட்டால், “போய் சலூன்ல கேளு.” முடி வெட்டப் போனவன் கேட்டும் பார்த்தான். சலூன்காரர் கத்தரியை நிறுத்தாமல், “ஆமா, சொன்னாரு. அதுக்கு முன்னாடி வாரம் ஃபிரான்ஸ்னும் சொன்னாரு” என்றாராம். அந்தப் பின்பாதி தெருவுக்கு வந்து சேரவில்லை. வழியிலேயே யாரோ கத்தரித்துவிட்டார்கள்.

எதிர்பாராத வெற்றியில்தான் இவருக்கு உயிர். எல்லோரும் நினைத்த அணி ஜெயித்தால் அன்று அண்ணன் தறியில் உட்கார்ந்து ஒழுங்காக வேலை பார்ப்பார். நாடா ஓடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். சின்ன அணி பெரிய அணியைச் சாய்த்தால் அன்று தறி சும்மா கிடக்கும். அவர் வீட்டு அண்ணிக்குக் கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த வாரம் எத்தனை அங்குலம் சேலை குறைந்தது என்பதை வைத்தே உலகக் கால்பந்தின் நிலவரத்தைச் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் அவரை வம்புக்கு இழுக்கலாம் என்று, “அண்ணே, நம்ம ஊர்லயே ஒரு பெரிய அப்செட் நடந்திருக்கு, தெரியுமா?” என்றேன். 1751 டிசம்பரில் நடந்த ஆரணிச் சண்டையைச் சொன்னேன். ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட கையோடு ராபர்ட் கிளைவ் ஒரு சின்னப் படையைக் கூட்டிக்கொண்டு துரத்தி வந்தது. சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பிடம் பிரெஞ்சுச் சிப்பாய்களோடு அதைவிடப் பெரிய படை இருந்தது. நடுவில் இருந்த சேற்று வயல் எண்ணிக்கை அதிகம் உள்ளவனுக்குத்தான் இடைஞ்சலாகிப் போனது. பெரிய படை தோற்றது. அண்ணன் மிகுந்த கவனத்தோடு கேட்டார். மூக்கைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: “ஹோம் கிரவுண்ட்ல சேறு எங்க கீதுன்னு பாக்காம எறங்கினா இப்டித்தான். எங்க பாட்டன் சொல்லுவாரு.”

அவருடைய பாட்டன் பிறக்கக் குறைந்தது நூற்றைம்பது வருடம் பாக்கி இருந்தது. நான் விட்டுவிட்டேன்.

2019 மார்ச் 9-ஐ அவரால் சமாளிக்க முடியாமல் போயிருக்க வேண்டும், அதையும் சமாளித்தார். இந்தியாவின் ஐ-லீக் கால்பந்துப் பட்டம் யாருக்கு என்று தீர்மானிக்கும் கடைசி நாள். கோயம்புத்தூரில் சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாபோடு ஆடுகிறது. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலத்தோடு. போன வருடம் பட்டியலின் அடிப்பக்கத்தில் தவழ்ந்த அணி சென்னை சிட்டி. கல்கத்தாவின் கிழட்டுச் சிங்கம் ஈஸ்ட் பெங்கால் பதினைந்து வருடமாகத் தேசிய லீக் பட்டத்துக்கு வாய் பிளந்து காத்திருக்கிறது. ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. அண்ணன் உடனே எழுந்து, “அப்பவே சொன்னன், பெரிய டீமு பெரிய டீமுதான்” என்று அறிவித்துவிட்டு மோர் குடிக்க உள்ளே போனார். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு அடித்தார், 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துத்தான் இருந்தது. ஆனால் சென்னைக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42. அண்ணன் வெளியே வந்தபோது கோப்பை தமிழ்நாட்டில் இருந்தது. “பெரிய டீமுன்னு நான் சொன்னது யாரை?” என்று கேட்டார். யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

2022 உலகக் கோப்பையில் சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வீழ்த்திய பிற்பகலில், மெஸ்ஸி பனியன் போட்ட பையன்கள் தெருவில் எழவு வீட்டில் குந்தியிருப்பதுபோலக் குந்தியிருந்தார்கள். அண்ணன் அவர்கள் நடுவில் போய், “அப்பவே சொன்னன்” என்றார். ஒரு மாதம் கழித்து அதே அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியது. மறுபடி போனார்: “மொதல்ல தோத்தாத்தான் கடைசில கெலிப்பான்னு அன்னிக்கே உங்களாண்ட சொல்லல?” ஒரே போட்டியில் தோல்விக்கும் வெற்றிக்கும் சேர்த்துக் கூலி வாங்கிய ஒரே நெசவாளி அவர்தான்.

அவர் வாய் அடைத்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. வருடக் கணக்கில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2018 பிப்ரவரி.

அந்த வாரம் அண்ணனுக்கு வேலை அதிகம். சாம்பியன்ஸ் லீகில் ரியல் மாட்ரிட்டும் பாரிஸும் மோதுகின்றன. லிஸ்பனில் அழுத அந்தப் பையன் இப்போது மாட்ரிட்டின் ராஜா. டீக்கடை, சலூன், சாயப்பட்டறை என்று சுற்று முடித்து மூன்று முடிவுகளையும் மூன்று இடத்தில் நட்டு வைத்தாகிவிட்டது.

அதே வாரம் கட்டாக்கில் பெண்களுக்கான தேசிய கால்பந்து இறுதி ஆட்டம். தமிழ்நாடும் மணிப்பூரும். பெண்கள் கால்பந்து என்றால் மணிப்பூர்தான். அவர்கள் வீட்டு அலமாரியில் அந்தக் கோப்பைக்கென்றே தனித் தட்டு இருக்கும், அத்தனை முறை வாங்கியவர்கள். தமிழ்நாடு அதுவரை ஒரு முறைகூட வாங்கியதில்லை. நந்தினி ஒரு கோல், இந்துமதி ஃப்ரீ கிக்கில் ஒரு கோல். மணிப்பூரால் ஒன்றைத்தான் திருப்ப முடிந்தது. 2-1. கிரீஸுக்கு லிஸ்பன் எப்படியோ, நமக்கு அப்படி ஒரு கட்டாக். அதில் பந்து உதைத்த இந்துமதி கடலூர்ப் பெண். ஆரணியிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரம்தான். இதற்காக எங்கள் தெருவில் ஒருவரும் ராத்திரி கண் விழிக்கவில்லை. விழிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆட்டம் நம் நாட்டில்தான் நடந்தது. அப்படியும் ஒருவருக்கும் தெரியாது.

டீக்கடைப் பேப்பரில் ஓரமாக வந்திருந்த செய்தியை யாரோ உரக்கப் படித்தார்கள். படித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்கள்: “இன்னாண்ணே, இதையும் அப்பவே சொன்னீங்களா?”

கடையில் டம்ளர் ஆற்றும் சத்தம்கூட நின்றுபோனது. அண்ணன் தொண்டையைச் செருமினார். வாய் திறந்தது. எந்த சாட்சியை அழைப்பார் என்று நானும் ஆவலாகத்தான் இருந்தேன்.

அப்போது தூக்கோடு டீ வாங்க வந்தாள் அவர் பேத்தி. பதின்மூன்று வயது இருக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களோடு சேர்ந்து பந்து உதைப்பவள். முழங்காலில் எப்போதும் ஒரு பழைய காயம், அதன்மேல் ஒரு புதுக் காயம். சாயந்திரத்தில் ராட்டையில் பாட்டிக்குத் தார் சுற்றிக் கொடுப்பவள். அவள் தூக்கை நீட்டியபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

“தாத்தா எங்க சொன்னாரு? நான்தான் ஒரு வாரமா சொல்லிகினே கீறேன், தமிழ்நாடு கெலிக்கும்னு. பி.டி. டீச்சர் போன்ல பாத்துட்டு வந்து செமி ஃபைனல் கதை சொன்னப்ப, ‘குறுக்க நிக்காத, ரொனால்டோவ மறைக்கிற’ன்னாரு.”

அண்ணனின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. எதிர்பாராத வெற்றி ஒன்றை உண்மையிலேயே முன்கூட்டிச் சொன்ன மனிதப் பிறவியை, அதுவும் சொந்த வீட்டில், அவர் முதல் முறையாகப் பார்க்கிறார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்றால், கடைக்காரர் பிறகு இரண்டு டீ நேரம் என்று கணக்குச் சொன்னார். ஆனால் அனுபவசாலி, மீண்டு வந்துவிட்டார்.

“அவ சொன்னா. வாஸ்தவம்” என்றார், பெஞ்சைவிட்டு எழுந்து. “சாட்சி நான்தான்!”

அன்று சாயந்திரம் அவர் வீட்டுப் பக்கம் போனேன். பேத்தி திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தாத்தா பக்கத்தில் குந்தி, குரலைத் தணித்து ஏதோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

“அடுத்த மேட்ச்ல யாரு கெலிப்பாங்கன்னு சொல்லும்மா. உனக்கு தாத்தா பிரியாணி வாங்கித் தர்றேன்.”

ராட்டை நிற்கவில்லை. தார் ஒன்று நிறைந்ததும் எடுத்துக் கூடையில் போட்டாள், அடுத்ததை மாட்டினாள்.

“முன்னாடி வச்ச பிரியாணிய மொதல்ல எல்லாருக்கும் குடு தாத்தா, அப்புறம் சொல்றேன்.”